ஜெக்கில் நல்லவரா? கோதிக் நாவல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

மனிதனுக்குள் இருக்கும் நல்லதையும் கெட்டதையும், மர்மமும் திகிலும் நிறைந்த பழைய கோதிக் நாவல்கள் எப்படிக் காட்டுகின்றன என்று கேட்டு வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். கதை முடிவுகளைத் தொடாமல் பதில் சொல்ல வழியில்லை. இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவும்.

கேள்வி: டாக்டர் ஜெக்கில் மனிதனின் நல்ல பாதி, ஹைட் கெட்ட பாதி என்று தேர்வில் எழுதினேன். மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். எங்கே தப்பு?
– இளங்கலை மாணவி, தஞ்சாவூர்

ஹைடைப் பற்றி எழுதியது சரி. ஜெக்கிலைப் பற்றி எழுதியதில்தான் தப்பு. ஸ்டீவன்சனின் 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' என்ற இந்தக் குறுநாவல் 1886 ஜனவரியில் வெளிவந்தது. தானே தயாரித்த ஒரு மருந்தைக் குடித்து ஜெக்கில் ஹைட் என்ற வேறு ஆளாக மாறுவதுதான் கதை. அதில் முழு நல்லவன் என்று ஒருவன் உருவாவதே இல்லை. கடைசி அத்தியாயமான 10-ஆவது அத்தியாயம் ஜெக்கில் எழுதி வைத்துவிட்டுப் போகும் வாக்குமூலம். மருந்துக்கு நல்லது கெட்டது பிரிக்கத் தெரியாது என்று அவரே அதில் சொல்கிறார். மருந்து செய்ததெல்லாம் உள்ளே இருந்த சிறையின் கதவை அசைத்தது மட்டும்தான். அந்த நேரத்தில் எது விழித்துக்கொண்டு வாசலில் நின்றதோ, அது வெளியே வந்தது. வந்தவன் ஹைட். மறுபடி மருந்தைக் குடித்ததும் திரும்பி வந்தவரோ அதே பழைய ஜெக்கில், நல்லதும் கெட்டதும் கலந்த மனிதர். ஆக இரண்டு பேரில் ஒருவன் முழுக் கெட்டவன், இன்னொருவர் கலப்பு.

ஜெக்கில் ஏன் பிரியப் பார்த்தார் என்பதையும் பாருங்கள். அவருடைய இளமைக்காலச் சபலங்கள் பலர் பெருமையாக வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய அளவுதான் என்கிறார். ஆனால் ஊர் முன்னால் தலைநிமிர்ந்து, கனத்த முகத்தோடு நடக்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிது. அதனால் மறைத்தார். மருந்தின் பலன் தெரிந்தவுடன் அவர் செய்த ஏற்பாடுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். சோஹோ பகுதியில் ஹைடுக்கு ஒரு வீடு எடுத்துச் சாமான்கள் வாங்கிப் போட்டார். வாய் திறக்காத ஒரு வீட்டுக்காரியை அங்கே அமர்த்தினார். தன் சொந்த வீட்டு வேலைக்காரர்களிடம் ஹைட் என்பவருக்கு இங்கே முழு உரிமை உண்டு என்று சொல்லி வைத்தார். தான் 3 மாதத்துக்கு மேல் காணாமல் போனால் சொத்தெல்லாம் ஹைடுக்கு என்று உயிலும் எழுதினார். ஹைட் ஒரு சிறுமியை மிதித்துவிட்டு 100 பவுண்டு இழப்பீடு கொடுக்கும்போது 10 பவுண்டு தங்கக் காசாகவும் மீதி ஜெக்கில் கையெழுத்திட்ட காசோலையாகவும் வருகிறது. அது ஆபத்து என்று புரிந்ததும் ஹைடின் பேரில் தனி வங்கிக் கணக்கு திறக்கிறார். தன் எழுத்தையே பின்பக்கம் சாய்த்து எழுதி அவனுக்கு ஒரு கையெழுத்தும் உண்டாக்கித் தருகிறார். உயிலும் வீடும் வங்கிக் கணக்கும் ஜெக்கில் நிதானமாக உட்கார்ந்து செய்த வேலைகள். அடுத்த தேர்வில் 'நல்ல பாதி' என்று எழுதாமல், ஹைடுக்கு எல்லாம் ஏற்பாடு செய்து கொடுத்தவர் என்று எழுதுங்கள். சான்றாக உயிலையும் காசோலையையும் காட்டுங்கள்.

ஹைட் ஏன் ஜெக்கிலைவிடக் குள்ளமாகவும் இளமையாகவும் இருக்கிறான் என்பதற்கும் நாவலிலேயே விளக்கம் உண்டு. ஜெக்கிலின் வாழ்க்கையில் பத்தில் ஒன்பது பங்கு உழைப்பும் கட்டுப்பாடுமாகக் கழிந்தது. கெட்ட பகுதிக்கு வேலை குறைவு, அதனால் அது வளரவும் இல்லை, தேயவும் இல்லை. ஹைடாக அடிக்கடி உலவத் தொடங்கிய பிறகு அவன் உடம்பு பெருத்துக்கொண்டு வருவது போல ஜெக்கிலுக்கே படுகிறது.

கேள்வி: இது சினிமாவில் வருகிற இரட்டை ஆளுமை நோய்தானே?
– வாசகர், கோயம்புத்தூர்

இல்லை. அப்படிப்பட்ட கதைகளில் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. இங்கே ஞாபகம் இருவருக்கும் பொது. ஹைட் செய்த ஒவ்வொன்றும் ஜெக்கிலுக்கு நினைவிருக்கிறது. ஜெக்கிலுக்கு ஹைடின் மேல் ஒரு தகப்பனுக்கும் மேலான அக்கறை. ஹைடுக்கோ ஒரு மகனுக்கும் மேலான அலட்சியம், போலீஸ் துரத்தும்போது ஒளிய ஒரு குகை என்ற அளவில்தான் ஜெக்கிலை நினைக்கிறான். நோய் என்று சொல்லிவிட்டால் ஜெக்கிலுக்குப் பொறுப்பில்லை என்றாகிவிடும். அந்தத் தப்பிக்கும் வழியைத்தான் ஸ்டீவன்சன் அடைத்து வைத்திருக்கிறார்.

கேள்வி: மருந்தில் என்ன இருந்தது? கடைசியில் ஏன் வேலை செய்யவில்லை?
– மருந்தாளுநர், நாகர்கோவில்

உங்கள் தொழில்காரர்கள் ரசிக்கும் பகுதி இது. ஜெக்கிலின் பழைய நண்பரான டாக்டர் லான்யன் பார்த்துச் சொல்வதன்படி பொருட்கள் இரண்டு. ஒன்று, சிறு பொட்டலங்களில் மடித்த வெண்ணிறப் படிக உப்பு. மற்றொன்று, குப்பியில் பாதியளவு இருந்த ரத்தச் சிவப்புத் திரவம். அதில் பாஸ்பரஸும் ஆவியாகும் ஈதரும் கலந்திருக்கலாம் என்று லான்யன் வாசனையை வைத்து ஊகிக்கிறார். ஹைட் அந்தத் திரவத்தில் சில சொட்டு அளந்து ஊற்றி, ஒரு பொட்டலம் உப்பைச் சேர்க்கிறான். முதலில் செந்நிறம். படிகம் கரையக் கரைய நிறம் பளிச்சிட்டு, சத்தத்தோடு நுரைத்து, புகை வருகிறது. கொதிப்பு சட்டென்று நின்று கரும் ஊதா ஆகிறது. பிறகு மெல்ல மெல்ல நீர்த்த பச்சைக்கு வருகிறது. குடிக்க வேண்டிய பதம் அதுதான்.

முதல் பரிசோதனைக்கு வாங்கிய உப்பு தீர்ந்ததும் ஜெக்கில் புதிதாக வாங்கிக் கலக்குகிறார். கொதிப்பு வருகிறது, முதல் நிறமாற்றமும் வருகிறது, இரண்டாவது வரவில்லை. குடித்தும் பலனில்லை. லண்டன் முழுக்க மருந்துக் கடைகளுக்கு ஆள் அனுப்பி, வந்ததையெல்லாம் சுத்தமில்லை என்று திருப்பி அனுப்புகிறார். கடைசியில்தான் புரிகிறது: சுத்தமில்லாதது முதலில் வாங்கிய உப்பு! அதில் கலந்திருந்த, என்னவென்றே தெரியாத கசடுதான் வேலை செய்திருக்கிறது.

துப்பறியும் கதைக்கான ஒரு முடிச்சு என்று இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. நாவலின் தொடக்கத்தில் ஜெக்கில் தன் வக்கீல் நண்பர் அட்டர்சனிடம், நினைத்த நிமிடமே ஹைடை விட்டொழிக்க முடியும் என்று உறுதியாகச் சொல்கிறார். நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் திறவுகோல் தன் கையில் இருப்பதாக நம்பிய மனிதருக்கு அது கிடைத்ததே தற்செயலாகத்தான். அளவும் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. பல தடவை இரட்டிப்பு அளவு, ஒரு தடவை உயிரைப் பணயம் வைத்து மும்மடங்கு குடிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஜெக்கில் திருந்தி, தர்மம் செய்து வாழும்போதுதானே மருந்தே இல்லாமல் ஹைடாக மாறுகிறார்? அப்படியானால் திருந்திப் பயனில்லை என்கிறதா நாவல்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

வந்த கேள்விகளில் ஆழமானது இது, ஐயா. அந்தப் பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதலில், அவர் 'திருந்திய' இரண்டு முறையையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலை ஜெக்கிலாகப் படுத்தவர் ஹைடாக எழுகிறார். போர்வை மேல் கிடக்கும் கை தன்னுடைய பெரிய, வெளுத்த, அழகான கையாக இல்லை. நரம்பு புடைத்து, முடி அடர்ந்த கை. பயந்துபோய் இரண்டு மாதம் ஒழுங்காக இருக்கிறார். ஆனால் அந்த இரண்டு மாதமும் சோஹோ வீட்டைக் காலி செய்யவில்லை, ஹைடின் உடுப்புகளையும் அழிக்கவில்லை. இது திருந்துதல் ஆகாது. மறுபடி மருந்தைக் குடித்த அன்றிரவே டான்வர்ஸ் கேரு என்ற முதியவர் கைத்தடியால் அடித்துக் கொல்லப்படுகிறார்.

இரண்டாவது முறை உண்மையான வருத்தம் இருக்கிறது. துன்பப்படுகிறவர்களுக்கு உதவுகிறார். பிறகு பழைய சபலம் தலைதூக்குகிறது. ஹைடாக மாற இப்போது துணிச்சல் இல்லை, ஜெக்கிலாகவே இருந்துகொண்டு சறுக்குகிறார். அதற்கப்புறம்தான் ரீஜண்ட்ஸ் பூங்கா. ஜனவரி மாதம், வானம் தெளிவு, பனி உருகிக் காலடியில் ஈரம். பெஞ்சில் வெயில் காய்கிறார். நானும் மற்றவர்களைப் போலத்தானே என்று நினைக்கிறார். அதோடு நின்றிருக்கலாம். தன் சுறுசுறுப்பான நல்ல மனதையும், மற்றவர்கள் உதவாமல் சோம்பிக் கிடக்கும் கொடுமையையும் ஒப்பிட்டுப் பார்த்துப் புன்னகைக்கிறார். சரியாக அந்த நொடியில் குமட்டலும் நடுக்கமும் வருகின்றன. குனிந்து பார்த்தால் உடுப்பு தொளதொளவென்று தொங்குகிறது, முழங்கால் மேல் இருக்கிற கை முடி அடர்ந்த கை. மருந்தில்லாமல் ஹைடை அழைத்து வந்தது அவர் செய்த தர்மம் அல்ல. நான் இவர்களைவிட மேல் என்று நினைத்த நினைப்பு.

இது ஸ்டீவன்சனுக்கு மட்டும் தோன்றிய விஷயமும் அல்ல. மாத்யூ லூயிஸின் 'தி மங்க்' 1796-இல் வந்தது. ஆம்ப்ரோசியோ மாட்ரிட் நகரமே கொண்டாடும் துறவி. பிரசங்கம் முடிந்து அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டதும் அவர் முதலில் செய்வது, தன்னைப்போல் ஒருவன் உண்டா என்று தனக்குள் பூரிப்பதுதான். பெரும்பாவங்கள் எல்லாம் செய்து முடித்த பிறகு சாத்தான் அவரிடம் உண்மையை உடைக்கிறான்: உன் ஒழுக்கத்துக்கு வேர் தற்பெருமை, கொள்கை இல்லை என்று கண்டுகொண்டேன், அதனால்தான் உன்னைத் தேர்ந்தெடுத்தேன். ஆஸ்கர் வைல்டின் டோரியன் கிரேயிலும் இதே இடம் வருகிறது. முடிவை ஒட்டி டோரியன் ஹெட்டி என்ற கிராமத்துப் பெண்ணைக் கெடுக்காமல் விட்டுவிடுகிறான். அவன் பாவங்களெல்லாம் அவன் முகத்தில் தெரியாமல் அவனுடைய உருவப்படத்தில்தான் பதிகின்றன. இந்த நற்செயலால் அந்தப் படம் கொஞ்சமாவது அழகாகியிருக்கும் என்று மாடிக்கு மெல்ல ஏறிப் போகிறான். படத்தின் கண்ணில் புதிதாக ஒரு தந்திரப் பார்வை, வாயோரத்தில் பாசாங்குக்காரனின் சுருக்கம். கையில் இருந்த ரத்தக்கறையும் முன்பைவிடப் பளிச்சென்று தெரிகிறது. நூறாண்டு இடைவெளிக்குள் மூன்று நாவல்கள் ஒரே இடத்தில் விரல் வைக்கின்றன. கோதிக் எழுத்தாளர்கள் மனித இயல்பைப் பற்றிக் கண்டவற்றில் இதுதான் மிக நுட்பமானது என்பது எங்கள் முடிவு.

எனவே திருந்துவதை நாவல் கேலி செய்யவில்லை. அட்டர்சனைப் பாருங்கள். தன்னிடம் கறார், பிறரிடம் தாராளம். நல்ல ஒயினில் ஆசை இருப்பதால் தனியாக இருக்கும்போது ஜின் குடித்து அதை அடக்குகிறவர். நாடகம் பிடிக்கும், ஆனாலும் 20 ஆண்டாக அரங்க வாசலை மிதிக்கவில்லை. கெட்டுப்போகிறவர்களின் வாழ்க்கையில் கடைசி வரை நிற்கும் நல்ல மனிதர் அவர்தான். அவரிடமும் குறை உண்டு: கொலைகாரனான ஹைடுக்காக ஜெக்கில் கடிதம் தயாரித்துக் கொடுத்திருக்கிறார் என்று சந்தேகம் வந்தும், அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறார். நண்பரின் பெயர் கெடக் கூடாது என்ற எண்ணம்.

கேள்வி: கோதிக் என்றால் பாழடைந்த கோட்டையும் பேயும்தானே? லண்டன் டாக்டர் கதை எப்படி அந்த வகையில் சேரும்?
– வாசகி, திருச்சி

1764-இல் ஹொரேஸ் வால்போல் 'ஒட்ராண்டோ கோட்டை'யை எழுதியபோது நீங்கள் சொல்வதுபோல்தான் இருந்தது. பிறகு கோட்டையின் வேலையை வீடு எடுத்துக்கொண்டது. ஜெக்கில் வீட்டின் முன்பக்கம் செல்வக்களையோடு ஒரு சதுக்கத்தைப் பார்த்து நிற்கிறது. பின்பக்கம் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் கதவு, மணியும் தட்டுகருவியும் இல்லாமல், வண்ணம் உப்பி நிறம் மங்கி ஒரு சந்தில் திறக்கிறது. இரண்டும் ஒரே வீடு என்று வழிப்போக்கருக்குத் தெரியாது. முதல் அத்தியாயத்தின் தலைப்பே அந்தக் கதவைப் பற்றியதுதான்.

கேள்வி: ஃபிராங்கன்ஸ்டைன் படைத்த உயிர் நல்லதாகப் பிறந்து, சமூகத்தால் கெட்டது என்று சொல்லலாமா?
– ஆய்வு மாணவர், சென்னை

அந்த உயிரே அப்படித்தான் வாதாடுகிறது, வாதத்துக்குச் சான்றும் இருக்கிறது. டி லேசி குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருக்கும்போது, அவர்கள் ஏழைகள் என்று தெரிந்ததும் அவர்களுடைய உணவைத் திருடுவதை நிறுத்துகிறது. இரவில் விறகு வெட்டி வாசலில் போடுகிறது. ஆற்றில் விழுந்த பெண்ணைக் காப்பாற்றியதற்குத் துப்பாக்கிச் சூடுதான் பரிசு. பார்வையற்ற முதியவர் மட்டும் அன்பாகப் பேசுகிறார். கண் உள்ளவர்கள் அடித்து விரட்டுகிறார்கள்.

ஆனால் ஜஸ்டின் விஷயத்தை விட்டுவிட்டு முடிவு சொல்லக் கூடாது. சிறுவன் வில்லியமைக் கொன்றது ஆத்திரத்தில் நடந்தது. அதற்குப் பிறகு, தூங்கிக்கொண்டிருக்கும் ஜஸ்டின் என்ற பெண்ணின் உடுப்பு மடிப்பில், சிறுவன் கழுத்திலிருந்து எடுத்த சிறு உருவப்படத்தைச் சொருகி வைக்கிறது. பழி அவள் மேல் விழும் என்று தெரிந்தே செய்தது. குடிசையில் கேட்ட பாடங்களும் மனிதர்களின் ரத்தவெறிச் சட்டங்களும் இப்படித் தீங்கு செய்யக் கற்றுக் கொடுத்தன என்கிறது. கற்றது வெளியிலிருந்து, திட்டமிட்டது உள்ளேயிருந்து. இன்னொரு பக்கம் அதைப் படைத்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன். கொன்றது யார் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியும், சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாய்மூடி இருக்கிறார். ஜஸ்டின் தூக்கில் தொங்குகிறாள். அந்த மரணத்தில் படைத்தவருக்கும் படைப்புக்கும் பங்கு இருக்கிறது. உங்கள் ஆய்வுக்கு அந்த அத்தியாயங்களை மையமாக வையுங்கள்.

எந்தப் பதிப்பு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1818 பதிப்புக்கும் மேரி ஷெல்லி திருத்திய 1831 பதிப்புக்கும் இந்தக் கேள்வியிலேயே வேறுபாடு உண்டு. திருத்திய பதிப்பில் விக்டர் தன் செயல்களை விதியின் மேல் அதிகம் போடுகிறார். கையில் இருப்பது எது என்று அறிய எலிசபெத்தைப் பாருங்கள்: விக்டரின் அத்தை மகள் என்றால் 1818, எடுத்து வளர்த்த அநாதைக் குழந்தை என்றால் 1831. மனிதனின் தேர்வைப் பற்றி எழுதுகிறவருக்கு 1818-தான் உதவும்.

கேள்வி: கெட்டது உள்ளே இருப்பதா, வெளியே இருந்து வரும் சாத்தானா? இந்த நாவல்களில் தெளிவான பதில் இல்லையே?
– வாசகர், மதுரை

தெளிவில்லாமல் வைத்ததுதான் ஜேம்ஸ் ஹாக்கின் பலம். 1824-இல் வந்த அவருடைய 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ ஜஸ்டிஃபைட் சின்னர்' என்ற ஸ்காட்லாந்து நாவலில், ராபர்ட் ரிங்கிம் என்ற இளைஞனிடம் நீ இறைவன் தேர்ந்தெடுத்தவன், உன் மீட்பு இனி மாறாது என்று வளர்ப்புத் தந்தையான போதகர் அறிவிக்கிறார். அதே நாளில் தன்னைப் போலவே தோற்றமுள்ள கில்-மார்ட்டினை அவன் சந்திக்கிறான். வந்தவன் கட்டாயப்படுத்துவதே இல்லை. மீட்பு உறுதி என்றால் கொலையும் உன்னைக் கெடுக்காதே என்று ராபர்ட் நம்பும் கொள்கையிலிருந்தே வாதம் எடுத்துக் கொடுக்கிறான். மனப்பிரமை என்று தள்ளவும் முடியாது, இரண்டு பெண்கள் அவனைப் பார்க்கிறார்கள். 1897-இல் வந்த டிராகுலாவிலும், வீட்டில் உள்ள ஒருவர் முதல் முறை அழைக்காமல் ரத்தக்காட்டேரியான டிராகுலா உள்ளே வர முடியாது.

எட்கர் ஆலன் போ 1839-இல் எழுதிய 'வில்லியம் வில்சன்' சிறுகதை இதற்கு நேர்மாறு. அங்கே பின்தொடரும் இரட்டை மனசாட்சி. அதைக் குத்திக் கொன்றவன் தன்னையே கொன்றுகொள்கிறான். ஜெக்கிலைப் படித்த கையோடு இதையும் படியுங்கள்.

கேள்வி: ஜெக்கில் உண்மைக் கதையா?
– பள்ளி மாணவர், ஈரோடு

இல்லை. ஆனால் ஸ்டீவன்சனின் ஊரான எடின்பரோவில் வில்லியம் பிராடி என்பவர் இருந்தார். பகலில் மரவேலைத் தொழில் தலைவர், நகரசபை உறுப்பினர். இரவில் திருடர். பூட்டு வேலைக்குப் போகும் வீடுகளின் சாவிகளை அச்செடுத்து வைத்துக்கொள்வார். 1788-இல் தூக்கிலிடப்பட்டார். அவர் செய்த அலமாரி ஒன்று சிறுவன் ஸ்டீவன்சனின் அறையில் இருந்தது. பிறகு நண்பர் ஹென்லியோடு சேர்ந்து பிராடியைப் பற்றி நாடகமும் எழுதினார்.

கேள்வி: இதே மாதிரி ஒருவனுக்குள் இருவர் கதையைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். எவ்வளவு முயன்றும் நாடகத்தனமாக வருகிறது. என்ன செய்யலாம்?
– எழுத்தாளர், சேலம்

பெரும்பாலும் கெட்டவனின் முகத்தை அதிகமாக வர்ணிப்பதால்தான் இப்படி ஆகும். ஹைடுக்கு ஏதோ ஊனம் இருப்பதாக எல்லோருக்கும் தோன்றுகிறது, என்ன ஊனம் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பார்த்தவருக்கு ஏற்பட்ட அருவருப்பை மட்டும் எழுதுங்கள்.

அடுத்து, இரட்டையால் மூலமனிதனுக்கு என்ன லாபம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். லாபம் இல்லாவிட்டால் அவன் வெறும் பாதிக்கப்பட்டவன், கதையில் குற்றம் இருக்காது. விதியையும் வரையறுத்துக்கொள்ளுங்கள்: எப்படி மாறுகிறான், ஞாபகம் பொதுவா, திரும்ப எவ்வளவு நேரம். அந்த விதியை ஒரே ஒரு இடத்தில் உடைத்தால் போதும், அதுவும் குணத்தோடு தொடர்புள்ள இடமாக இருக்கட்டும். காகிதச் சான்றுகள் வையுங்கள். உயில், ரசீது, கையெழுத்து போன்றவை நம்பகத்தைக் கொடுக்கும், ஆத்மாவைப் பற்றிய வசனங்கள் கொடுக்காது. வாக்குமூலத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஸ்டீவன்சன் முதல் 8 அத்தியாயங்களை வெளியாட்களின் பக்கம் வைத்து, 9-ஐ லான்யனுக்குக் கொடுத்து, 10-இல்தான் ஜெக்கிலைப் பேச விடுகிறார்.

சாட்சிகளையும் சுத்தமானவர்களாக்க வேண்டாம். சிறுமி மிதிபட்டதைப் பார்த்த, அட்டர்சனின் உறவினர் என்ஃபீல்ட், கருக்கலில் 3 மணிக்கு எங்கிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார் என்று சொல்வதே இல்லை.

கேள்வி: எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, பெங்களூரு

ஜெக்கிலிலிருந்து. ஒரு நாளில் முடியும். முடிந்ததும் கடைசி அத்தியாயத்தை மட்டும் மறுநாள் இன்னொரு முறை படியுங்கள், முதல் தடவை கதை முடிச்சில் கவனம் போய்விடும். அடுத்து 'வில்லியம் வில்சன்', பிறகு ஃபிராங்கன்ஸ்டைன், டோரியன் கிரே. டோரியனுக்கு 1890 ஜூலையில் பத்திரிகையில் வந்த 13 அத்தியாய வடிவமும், 1891-இன் 20 அத்தியாயப் புத்தகமும் உண்டு. முதல் வாசிப்புக்குப் புத்தகம். ஹாக்கில் ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கு வரும், அதனால் அடிக்குறிப்புள்ள பதிப்பாக வாங்கிக் கடைசியில் படியுங்கள். மூல நூல்கள் எல்லாமே காப்புரிமை தீர்ந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.